ஆங்கிலேயர் எங்கிருந்து வந்தார்கள்? பழைய கல்லறைகள் சொல்லும் கணக்கு

ஆங்கிலேயர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்ற கேள்விக்கு கி.பி. 731இலேயே ஒரு துறவி பதில் எழுதி வைத்துவிட்டார். வடக்கு இங்கிலாந்தின் ஜாரோ மடாலயத்தில் வாழ்ந்த பீட் தான் அவர். ஜெர்மானியாவின் மூன்று வலிமையான இனங்கள் கடல் கடந்து வந்தன என்கிறார்: ஆங்கிள்கள், சாக்ஸன்கள், ஜூட்டுகள். கென்ட்டிலும் வைட் தீவிலும் இருப்பவர்கள் ஜூட்டுகளின் வழி வந்தவர்கள். எஸெக்ஸ், சஸெக்ஸ், வெஸெக்ஸ் என்ற அரசுகள் சாக்ஸன்களுடையவை. கிழக்கு ஆங்கிலியா, மெர்சியா, நார்தம்பிரியா ஆங்கிள்களுடையவை. ஆங்கிள்கள் விட்டுவந்த சொந்த நாடு இன்றைக்கும் ஆளில்லாமல் கிடக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், பீட் சொல்லும் வருகை நடந்தது 449ஐ ஒட்டி. அவர் எழுதுவது கிட்டத்தட்ட 280 வருடம் கழித்து. அவருக்குக் கையில் இருந்த முக்கியமான ஆதாரம், 6ஆம் நூற்றாண்டில் கில்டாஸ் என்ற பிரிட்டானியப் பாதிரியார் எழுதிய புலம்பல். ரோமானியப் படைகள் 410ஐ ஒட்டிப் பிரிட்டனைக் கைவிட்ட பிறகு, வடக்கிலிருந்து வந்த தாக்குதலைச் சமாளிக்க உள்ளூர் அரசன் ஒருவன் சாக்ஸன் கூலிப்படையை அழைத்தான். மூன்று கப்பலில் வந்தார்கள். உணவுப் படி போதவில்லை என்று சண்டை பிடித்து, கடைசியில் நாட்டையே கொளுத்தினார்கள். அங்கே முன்பே இருந்த பிரிட்டானியர்களில் சிலர் வெட்டப்பட்டார்கள், சிலர் அடிமையானார்கள், சிலர் கடல் தாண்டி ஓடினார்கள். இதுதான் கில்டாஸின் கதை. அவர் வரலாறு எழுத உட்கார்ந்தவர் அல்ல. தன் மக்களின் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று பிரசங்கம் செய்ய வந்தவர். பேரழிவு எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அவர் பிரசங்கம் எடுபடும்.

ஆனாலும் இந்தக் கதை ஆயிரம் வருடத்துக்கு மேல் நின்றது. 19ஆம் நூற்றாண்டில் பேரரசின் உச்சத்தில் இருந்த ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் பலருக்கு இது மிகவும் வசதியாகவும் இருந்தது. நாங்கள் கலப்பில்லாத ஜெர்மானிய ரத்தம், எங்கள் சட்டமும் சுதந்திரமும் அந்தக் காடுகளிலிருந்து வந்தவை, பழைய கெல்டியர்களை, அதாவது பிரிட்டானியர்களை, மேற்கே வேல்ஸுக்கும் கார்ன்வாலுக்கும் விரட்டிவிட்டோம் என்று பெருமையாகவே எழுதினார்கள். ஒரு இன ஒழிப்பைத் தன் பிறப்புக் கதையாகச் சொல்லிக்கொள்வதில் அவர்களுக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு காற்று திசை மாறியது. இரண்டு உலகப் போர்கள், ஜெர்மனி எதிரி, இனக் கோட்பாடு கெட்ட வார்த்தை. 1960களுக்குப் பின் வந்த தொல்லியலாளர்கள் பழைய கதையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். பானையும் ஆடை ஊசியும் மாறினால் மக்களே மாறிவிட்டார்கள் என்று அர்த்தமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வயல் வரப்புகள் பல இடங்களில் ரோமானியக் காலத்திலிருந்து அப்படியே தொடர்ந்தன. பெரிய போர்க்கள எலும்புக் குவியல் எதுவும் அகப்படவில்லை. அதனால், வந்தது சில ஆயிரம் போர்வீரர்கள் மட்டும். உள்ளூர் மக்கள் புதிய எஜமானர்களின் மொழியையும் உடையையும் ஏற்றுக்கொண்டு ஆங்கிலேயர் ஆகிவிட்டார்கள் என்ற விளக்கம் 1990களில் பல்கலைக்கழகங்களில் வலுவாக இருந்தது.

இதற்கு எதிரே மொழி ஒன்று முறைத்துக்கொண்டு நின்றது. தேம்ஸ், ஏவன், எக்ஸ் என்று ஆறுகளின் பெயரில் பிரிட்டானிய மொழி தங்கியிருக்கிறது. ஆனால் பழைய ஆங்கிலத்தின் அன்றாடச் சொற்களில் அந்த மொழியின் கடன் மிகச் சொற்பம். பக்கத்தில் ‘கால்’ என்று அழைக்கப்பட்ட இன்றைய பிரான்ஸில் ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ஆட்சியைப் பிடித்தபோது, கொஞ்ச காலத்தில் அவர்களே மக்களின் லத்தீனுக்கு மாறிப்போனார்கள். அதுதான் இன்றைய பிரெஞ்சு. சின்ன ஆளும் கூட்டம் வந்தால் வழக்கமாக நடப்பது அதுதான். பிரிட்டனில் மட்டும் ஏன் நேர்மாறாக நடந்தது? சிறு கூட்டம் என்ற விளக்கத்தால் இதற்குத் திருப்தியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டது

மரபணு ஆய்வாளர்கள் இந்த வழக்குக்குள் நுழைந்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். 2002இல் லண்டன் ஆய்வாளர்கள் வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் உள்ள ஸ்லான்கெவ்னியிலிருந்து கிழக்கே நார்ஃபோக்கின் நார்த் வால்ஷம் வரை ஒரு கோடு இழுத்து, வழியில் இருக்கும் ஏழு சிறு ஊர்களின் ஆண்களிடம் மாதிரி எடுத்தார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டார்கள். இங்கிலாந்து ஊர்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. வேல்ஸ் ஊர்கள் தனித்து நின்றன. ஆச்சரியம், இங்கிலாந்து ஆண்களுக்கு வட கடலின் அந்தக் கரையில் இருக்கும் ஃபிரிஸ்லாந்து ஆண்களோடு நெருக்கம் அதிகம். நடு இங்கிலாந்தின் ஆண்வழியில் 50 முதல் 100 சதவீதம் வரை வெளியிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள்.

பாதியா, முழுதுமா என்று சொல்ல முடியாத கணக்கு அது. 2006இல் அதே வட்டத்தைச் சேர்ந்தவர்கள் இன்னொரு வாதத்தை வைத்தார்கள். வந்தவர்கள் குறைவாக இருந்தாலும், பிரிட்டானியர்களைத் தாழ்த்தி வைத்துக் கலப்புத் திருமணத்தைத் தடுத்து, அதிகப் பிள்ளைகளை வளர்க்கும் வசதியும் அவர்களுக்கே இருந்திருந்தால், சில தலைமுறையில் அவர்கள் மரபணு பெருகிவிடும். இதற்குச் சாட்சியாக வெஸெக்ஸ் அரசன் ஐன் 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றிய சட்டத்தைக் காட்டினார்கள். கொலை செய்யப்பட்டவரின் குடும்பத்துக்குக் கட்டவேண்டிய இழப்பீடு அதில் இருக்கிறது. அதே அளவு நிலம் வைத்திருக்கும் ஆங்கிலேயருக்கு 1,200 ஷில்லிங், பிரிட்டானியருக்கு 600. உயிரின் விலை சரிபாதி. சட்டம் உண்மைதான். ஆனால் அதே சட்டத்தை வேறு விதமாகவும் படிக்கலாம். குடியேற்றம் தொடங்கி 200 வருடத்துக்கு மேல் ஆன பிறகும், வெஸெக்ஸில் நிலபுலனோடு பிரிட்டானியர்கள் இருக்கிறார்கள், அரசன் அவர்களுக்குத் தனியாகச் சட்டம் எழுத வேண்டியிருக்கிறது.

2015இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட பிரிட்டிஷ் தீவு மக்கள் ஆய்வு இன்னும் நுணுக்கமானது. தாத்தா பாட்டி நால்வரும் ஒருவருக்கொருவர் 80 கிலோமீட்டருக்குள் பிறந்த கிராமத்து ஆட்களாகத் தேடி 2,039 பேரை எடுத்தார்கள். இப்படித் தேர்ந்தால் 1885ஐ ஒட்டிய கிராமப்புறப் பிரிட்டன் கைக்கு வரும். தொழிற்சாலையும் ரயிலும் ஆட்களைக் கலைத்துப் போட்டது பெரும்பாலும் விலகிவிடும். மரபணு ஒற்றுமையை வைத்து மட்டும் கணினி 17 குழுக்களாகப் பிரித்தது. கார்ன்வாலும் டெவனும் தனித்தனிக் குழு, எல்லை ஏறத்தாழ மாவட்ட எல்லையிலேயே விழுகிறது. வடக்கு வேல்ஸும் தெற்கு வேல்ஸும் வெவ்வேறு. கெல்டியர் என்று எல்லோரையும் கட்டும் ஒரே மரபணுக் குழு எதுவும் கிடையாது. ஆனால் தென், நடு, கிழக்கு இங்கிலாந்து முழுவதும் ஒரே பெரிய கூட்டமாகக் கலந்து கிடந்தது. அதில் ஆங்கிலோ சாக்ஸன், அதாவது ஆங்கிள், சாக்ஸன் வழி வந்த பங்கு 10 முதல் 40 சதவீதத்துக்குள் என்றார்கள்.

பழைய பெருமைக்காரர்களுக்கும் பிடிக்காத எண், சிறு கூட்டக் கட்சிக்கும் பிடிக்காத எண். அது கிடக்கட்டும், இந்த முறையிலேயே ஒரு அடிப்படைக் குறை இருந்தது. இன்று வாழ்பவரின் உடலில் 1,500 வருடத்து வரவுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஆங்கிள்கள் கிளம்பிய ஜட்லாந்து தீபகற்பத்திலிருந்துதான் 9ஆம் நூற்றாண்டில் டேனிஷ் வைக்கிங்குகளும் கிளம்பினார்கள். இன்றைய யார்க்‌ஷயர்க்காரரிடம் இருக்கும் டென்மார்க் சாயல் முதல் அலையில் வந்ததா இரண்டாவதிலா? அவர் எச்சிலை வைத்துச் சொல்வது பெரும்பாடு. செத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

செத்தவர்களிடம் கேட்டது

எலும்புகளில் டிஎன்ஏ நன்றாகத் தங்கும் இடம் காதுக்குப் பின்னால், மண்டையோட்டின் உள்ளே, உள்காதைச் சுற்றியிருக்கும் கெட்டியான எலும்பு. உடலிலேயே அடர்த்தி மிகுந்த எலும்பு அது. ஈரமும் நுண்ணுயிரும் எளிதில் உள்ளே போகாது. அதில் சிறிது பொடி எடுத்தால் போதும் என்று தெரிந்தபிறகு, இந்தத் துறையின் வேகமே மாறிவிட்டது.

2016இல் கேம்பிரிட்ஜைச் சுற்றியுள்ள ஹிங்ஸ்டன், லின்டன், ஓக்கிங்டன் என்ற மூன்று ஊர்களிலிருந்து பத்துப் பேரின் மரபணுத்தொகுதி வாசிக்கப்பட்டது. இன்றைய கிழக்கு இங்கிலாந்து மக்களின் மரபில் சராசரியாக 38 சதவீதம் ஆங்கிலோ சாக்ஸன் என்ற முடிவு செய்தித்தாள்களில் வந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஓக்கிங்டன் இடுகாடு. அங்கே ஆராய்ந்த நால்வரும் ஒரே இடத்தில், ஒரே வழக்கப்படி புதைக்கப்பட்டவர்கள். இருவர் டச்சு, டேனிஷ் மக்களை ஒத்திருந்தார்கள், ஒருவர் ரோமானியருக்கு முந்தைய பிரிட்டனின் இரும்புக் கால மக்களை ஒத்திருந்தார், ஒருவர் இரண்டும் கலந்தவர். நால்வரில் வளமான ஈமப் பொருட்களோடு, பெரிய சிலுவை வடிவ ஆடை ஊசியோடு கிடந்தவர் உள்ளூர் மரபுக்காரர். அந்தச் சிலுவை ஊசியைப் பார்த்தால் எந்த அருங்காட்சியகமும் ‘ஆங்கிலோ சாக்ஸன் பெண்’ என்றுதான் சீட்டு ஒட்டும்.

பத்துப் பேரை வைத்து நாட்டைப் பற்றிப் பேச முடியாது. அதற்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லைப்சிக்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனத்தின் யோஷா கிரெட்சிங்கர், ஸ்டெஃபன் ஷிஃபெல்ஸ், இங்கிலாந்துத் தொல்லியலாளர் டங்கன் சேயர் ஆகியோரும் பெரிய குழு ஒன்றும் சேர்ந்து, வடமேற்கு ஐரோப்பாவின் இடைக்கால மனிதர்கள் 460 பேரின் மரபணுவை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அதில் 278 பேர் இங்கிலாந்தில் புதைந்தவர்கள்.

ஒரு கேள்வி இங்கே வரும். டச்சுக்காரரும் பிரிட்டானியரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆயிற்றே, அவர்களை மரபணுவில் எப்படிப் பிரிப்பது? ‘சாக்ஸன் மரபணு’ என்று ஒன்று கிடையாது என்பதுதான் பதிலின் முதல் பாதி. ஒரு குறிப்பிட்ட மரபணு வேறுபாடு வட கடலின் அந்தப் பக்கம் 100க்கு 34 பேரிடம் இருக்கிறது, இந்தப் பக்கம் 30 பேரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் வைத்து எவரையும் அடையாளம் சொல்ல முடியாது. ஆனால் இப்படிச் சிறு சிறு சாய்வுகள் லட்சக்கணக்கான இடங்களில் இருக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் ஒருவரின் முன்னோர்கள் எந்தப் பக்கம், எந்த அளவில் என்று தெரிந்துவிடும். ரோமானியர் காலத்துக்கு முந்தைய பிரிட்டன் எலும்புகளும், கீழ் சாக்ஸனி, நெதர்லாந்து, டென்மார்க் எலும்புகளும் ஒப்பிடக் கையில் இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

கிடைத்த எண் யாரும் எதிர்பார்க்காதது. கிழக்கு, தெற்கு இங்கிலாந்தில் 5 முதல் 8ஆம் நூற்றாண்டு வரை புதைக்கப்பட்டவர்களின் மரபில் சராசரியாக 76 சதவீதம் வட கடலின் எதிர்க்கரையிலிருந்து வந்தது. ஜெர்மனியின் வடக்கு, நெதர்லாந்தின் வடக்கு, டென்மார்க், அதாவது கிட்டத்தட்ட பீட் கை காட்டிய அதே கடற்கரை. மேற்கே போகப் போக இந்தப் பங்கு குறைகிறது.

சிறு போர்க்கூட்டம் என்ற விளக்கம் இத்தோடு முடிந்தது. இன்னொரு தகவல் அதற்கு மேல் ஒரு பூட்டும் போட்டது. படை மட்டும் வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்திருந்தால், ஆண்வழியில் ஐரோப்பியக் கண்டத்து மரபும் பெண்வழியில் பிரிட்டானிய மரபும் கூடுதலாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே அளவு. மனைவி, மக்கள், அக்கா, தங்கை என்று குடும்பத்தோடு கிளம்பி வந்திருக்கிறார்கள். அதுவும் ஒரே நாளில் அல்ல, பல தலைமுறைகளாக.

அந்தக் கரையில் என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. ஜெர்மனியின் வட கடலோரத்தில் ஃபெடர்சன் வியர்டே என்றொரு கிராமம். கடல் பொங்கும்போதெல்லாம் மூழ்காமல் இருக்கச் சாணமும் களிமண்ணும் கொட்டி, தலைமுறை தலைமுறையாக மேட்டை உயர்த்திக்கொண்டே போனார்கள். நீண்ட வீடுகள், ஒரு முனையில் மனிதர், மறு முனையில் மாடு. சுமார் நானூறு வருடம் வாழ்ந்த அந்த மேடு 5ஆம் நூற்றாண்டில் காலியானது. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஸ்பாங் ஹில் என்ற இடத்தில் பிணங்களை எரித்துச் சாம்பலைத் தாழியிலிட்டுப் புதைக்கத் தொடங்குகிறார்கள். 2,000க்கும் மேற்பட்ட தாழிகள். பலவற்றின் வடிவமும் அலங்காரமும் கீழ் சாக்ஸனித் தாழிகளை அப்படியே ஒத்தவை. ஆங்கிள் நாடு வெறுமையாகக் கிடக்கிறது என்ற பீட்டின் வரியை ஒரு காலத்தில் கதையளப்பு என்று ஒதுக்கினார்கள். அது முழுக்கக் கதையல்ல.

76 என்பது என்ன, என்ன அல்ல

76 சதவீதம் என்றவுடன் பழைய கதையின் ரசிகர்கள் உற்சாகமாகிவிட்டார்கள். இந்த எண் பிரிட்டானியர்களில் முக்கால்வாசிப் பேர் கொல்லப்பட்டார்கள் என்று சொல்லவில்லை. இடுகாட்டில் அகப்பட்ட மனிதர்களின் முன்னோர் விகிதம் அது. ரோமானிய ஆட்சி போனபின் நகரங்கள் சரிந்தன, நாணயம் நின்றது, மட்பாண்டத் தொழில்கூடப் படுத்துவிட்டது. மக்கள்தொகை சுருங்கிப்போன நாட்டில் இருநூறு முந்நூறு வருடம் தொடர்ந்து குடும்பங்கள் வந்து இறங்கினால், விகிதம் மாற வாளே தேவையில்லை. அப்புறம், தொல்லியலாளர் கண்ணில் எளிதில் படுவது பொருட்களோடு புதைத்த கல்லறைகள். ஒன்றும் வைக்காமல் புதைத்த பிரிட்டானியக் கிறிஸ்தவர்கள் கணக்கில் குறைவாக வந்திருக்க வாய்ப்பு உண்டு. எதிர்ப்பக்கத்தில், ஸ்பாங் ஹில் போல எரித்தவர்களின் சாம்பலில் டிஎன்ஏ மிஞ்சுவதில்லை. குடியேற்றத்தின் முதல் தலைமுறைகளில் பெரும் பங்கு அந்தத் தாழிகளுக்குள் ஊமையாகவே இருக்கிறது.

கலப்பு எப்படி நடந்தது என்பதை ஒரே குடும்பத்தில் பார்க்க முடிகிறது. டோவர் நகரத்தின் பக்லண்ட் இடுகாட்டில் பல தலைமுறை உறவினர்கள் கிடக்கிறார்கள். மரபணுவை வைத்தே யார் யாருக்குப் பிள்ளை, யார் பேரன் என்று வம்சவழி வரைந்துவிட்டார்கள். மூத்த தலைமுறையில் கண்டத்து மரபு மட்டும்தான். பிறகு உள்ளூர் மரபு உள்ள ஒரு பெண் அந்தக் குடும்பத்துக்குள் வாழ வருகிறாள். அவள் வழி வந்த பிள்ளைகள் கலப்பு. அவர்களும் அதே இடுகாட்டில், மற்றவர்களைப் போலவே புதைக்கப்படுகிறார்கள். தள்ளி வைத்த அடையாளம் எதுவும் இல்லை.

நாடு தழுவிய கணக்கில் ஒரு சிறு வேறுபாடு தெரிகிறது. கண்டத்து மரபு உள்ள பெண்களுக்கு ஈமப் பொருட்கள் வைத்திருப்பது, உள்ளூர் மரபு உள்ள பெண்களைவிடக் கூடுதல். ஆண்களில் அப்படி இல்லை: ஈட்டியோடும் வாளோடும் புதைந்தவர்களில் இரு மரபுக்காரர்களும் உண்டு. ஆக, ஏற்றத்தாழ்வு கொஞ்சம் இருந்தது, ஆனால் அது ஊருக்கு ஊர் மாறியது. 2006இன் தீண்டாமை மாதிரியை நாடு முழுவதற்கும் பொருத்த முடியாது என்பதே என் எண்ணம்.

அரச குடும்பமே இதற்கு நல்ல உதாரணம். வெஸெக்ஸ் மன்னர்கள், மகா ஆல்ஃபிரட் உட்பட, செர்டிக் என்பவரின் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆங்கிலோ சாக்ஸன் ஆண்டுக்குறிப்பு அவர் 495இல் கப்பலில் வந்து இறங்கியதாகச் சொல்கிறது. ஆனால் செர்டிக் என்பது பிரிட்டானியப் பெயர். 680களில் வெஸெக்ஸை ஆண்டு, ரோமுக்குப் போய் ஞானஸ்நானம் பெற்று, 689இல் அங்கேயே இறந்த காட்வல்லா பெயரும் அப்படித்தான். சாக்ஸன் அரச வம்சத்தின் மூலவருக்கே பிரிட்டானியப் பெயர் என்றால், உள்ளே வந்தவர் யார் உள்ளூர்க்காரர் யார் என்ற கோடு மேல்மட்டத்திலும் அவ்வளவு அழுத்தமாக இருந்ததாகத் தெரியவில்லை.

கென்ட்டில் ஈஸ்ட்ரி அருகே அப்டவுன் என்ற இடுகாட்டில் 7ஆம் நூற்றாண்டில் புதைந்த ஒரு சிறுமி இருக்கிறாள். பதின்வயதைத் தொட்டும் தொடாத வயது. கத்தி, எலும்புச் சீப்பு, கரண்டி, அலங்காரப் பானை என்று அந்த ஊர் வழக்கப்படி பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அவள் மரபில் 20 முதல் 40 சதவீதம் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. தாய்வழி வட ஐரோப்பா. தந்தைவழியில் தாத்தாவோ பாட்டியோ ஒருவர் இன்றைய யொரூபா, மெண்டே போன்ற மக்களோடு நெருங்கியவர். தாய்வழி உறவினர்களும் அதே இடுகாட்டில் இருக்கிறார்கள். டோர்செட் கடற்கரையில் வொர்த் மாட்ராவர்ஸ் என்ற ஊரில், இதே நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு இளைஞருக்கும் இப்படியே தாத்தாவோ பாட்டியோ ஒருவர் மேற்கு ஆப்பிரிக்கர். அந்த இடுகாட்டில் மற்றவர்கள் பெரும்பாலும் மேற்குப் பிரிட்டானிய மரபுக்காரர்கள். இவை 2025இல் வெளியான முடிவுகள். ரோமப் பேரரசு விழுந்ததும் உலகம் சுருங்கி இருண்டுவிட்டது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்ததோடு இந்தச் சிறுமியின் கல்லறை ஒத்துப்போகவில்லை.

நேர்மாறாகவும் ஒரு ஆள் உண்டு. யார்க் நகரின் டிரிஃபீல்ட் டெரஸ் இடுகாட்டில், 2 முதல் 4ஆம் நூற்றாண்டுக்குள் புதைந்த ஒருவர். போர்வீரராகவோ கிளாடியேட்டராகவோ இருந்திருக்கலாம். அவர் மரபில் கால்வாசி ஸ்காண்டினேவியாவிலிருந்து வந்தது. வைக்கிங்குகளுக்கு ஐந்து நூற்றாண்டு முன்னால், சாக்ஸன்களுக்கும் முன்னால், ரோமானிய ஆட்சி நன்றாக நடந்துகொண்டிருந்தபோதே வட ஐரோப்பிய ரத்தம் அங்கே வந்துவிட்டது.

‘உள்ளூர் மரபு’ என்று இவ்வளவு நேரம் சொல்லிவந்ததையும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். கி.மு. 2450ஐ ஒட்டி, மணி வடிவக் குவளைகளோடு ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்தவர்கள் சில நூற்றாண்டுகளில் பிரிட்டனின் மரபில் 90 சதவீதத்தை மாற்றினார்கள். ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்களை நிறுத்திய வேளாண் மக்களின் மரபு ஏறத்தாழ மறைந்துபோனது. அதன்பின் கி.மு. 1300க்கும் 800க்கும் இடையில் பிரான்ஸ் பக்கத்திலிருந்து இன்னொரு வரவு. இங்கிலாந்து, வேல்ஸ் மரபில் பாதியை அது கொடுத்தது. கெல்டிய மொழி வந்தது அதோடுதான் என்று பலர் கருதுகிறார்கள். சாக்ஸன்கள் வந்தபோது எதிரே நின்ற ‘ஆதிக்குடிகள்’ இப்படி வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள்.

எழுதப்படாத வருகை

சரி, 7ஆம் நூற்றாண்டில் கிழக்கு இங்கிலாந்து 76 சதவீதம் கண்டத்து வட கடல் மரபு. இன்றைய ஆங்கிலேயர்களிடம் அது எவ்வளவு? இடத்தைப் பொறுத்து 25 முதல் 47 சதவீதம். பழைய பிரிட்டானிய, ஐரிஷ் சாயல் மரபு 11 முதல் 57 சதவீதம். இந்த இரண்டையும் கூட்டினால் 100 வரவில்லை. மீதி 14 முதல் 43 சதவீதம், இரும்புக் காலப் பிரான்ஸ் மக்களை ஒத்த மூன்றாவது மரபு.

இந்த மூன்றாவது மரபைப் பற்றி யாருமே சண்டை போடவில்லை, ஏனென்றால் யாருமே கேட்கவில்லை. கில்டாஸ் எழுதவில்லை, பீட் எழுதவில்லை, ஒரு தலைவன், ஒரு கப்பல், ஒரு போர் என்று ஒரு கதையும் கிடையாது. பிரிட்டானியரா சாக்ஸனா என்ற வாதம் இருநூறு வருடமாக நடந்தபோது, சில இடங்களில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு மூன்றாவது ஒன்று அமைதியாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. என்னைக் கேட்டால் 2022 ஆய்வின் பெரிய செய்தி 76 அல்ல, இதுதான்.

1066 என்று உடனே பலருக்குத் தோன்றும். பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வில்லியம் தலைமையில் வந்த நார்மன்கள் நாட்டைப் பிடித்தார்கள், பிரெஞ்சு அரசவை மொழியானது, கதை பொருந்துகிறது. ஆனால் வில்லியமோடு வந்து நிலம் பிடித்துத் தங்கியவர்கள் சில ஆயிரம் பேர். அத்தனை பேரும் பிள்ளைகளாகப் பெற்றுத் தள்ளினாலும் ஒரு நாட்டின் மரபில் இவ்வளவு பங்கு வராது. ஆளும் கூட்டம் மட்டும் வந்தால் மொழி என்ன ஆகும் என்பதற்கும் அவர்களே சாட்சி. மூன்று நூற்றாண்டு கழித்து ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தது அவர்கள் வாரிசுகள்தான்.

இந்த வரவு முன்பே தொடங்கிவிட்டது. கென்ட்டின் 7ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளிலேயே பிரான்ஸ் சாயல் தெரிகிறது. வியப்பில்லை. 597இல் அகஸ்டின் மதம் பரப்ப வந்து இறங்கியபோது கென்ட் அரசன் எத்தல்பெர்ட்டின் மனைவி பெர்த்தா, பாரிஸில் ஆண்ட ஃபிராங்க் மன்னன் மகள். மகாராணி தனியாக வந்திருக்க மாட்டாள். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையில் உள்ள ஆங்கிலக் கால்வாயின் இரு கரையும் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டிருந்தன, கண்ணாடிக் கோப்பையும் மணியும் வந்துகொண்டிருந்தன. அதன் பிறகு இடைக்காலம் முழுவதும் வணிகர், கைவினைஞர், துறவி, வேலையாள் என்று வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் எட்வர்ட் ஃபிளாண்டர்ஸ் நெசவாளர்களை அழைத்தார். 1685இல் பிரான்ஸில் புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த பாதுகாப்பு பறிக்கப்பட்டபின் சுமார் 50,000 ஹியூகனோக்கள் இங்கிலாந்துக்கு ஓடிவந்தார்கள். ஏட்டில் ஏறியவை இந்த மாதிரிச் சில மட்டும்.

வைக்கிங்குகள் கதை இதற்கு நேர் எதிர். 865இல் பெரும் படை வந்தது, யார்க் விழுந்தது, ஆல்ஃபிரட் போராடினார், பாதி நாடு டேனிஷ் சட்டத்தின் கீழ் போனது; பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். விட்பி, டெர்பி, கிரிம்ஸ்பி என்று ஊர்ப் பெயர்களிலும் அச்சு விழுந்திருக்கிறது. மரபணுவில் மட்டும் தனியாகப் பிரித்து எடுப்பது கஷ்டம், முன்னே சொன்ன அதே காரணம்தான். நானூறு வருடம் முன்னால் கிளம்பிய அத்தைமார் வீட்டுக்குத்தான் இவர்களும் போய்ச் சேர்ந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே ‘ஆங்கிலோ சாக்ஸன்’ என்ற பெயருக்கே சோதனை வந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெள்ளை இனவாதிகள் அதைத் தங்கள் கொடியாகப் பிடித்துக்கொண்டதால், 2019இல் சர்வதேச ஆங்கிலோ சாக்ஸன் ஆய்வாளர் சங்கம் வாக்கெடுப்பு நடத்தி அந்தப் பெயரைக் கைவிட்டது. இந்தப் பெயரை மாற்றுவதால் இனவாதி திருந்திவிடப் போவதில்லை என்று வாதாடிய ஆய்வாளர்களும் நிறைய. எனக்கு இதில் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஆனால் அந்தக் கொடியைப் பிடிப்பவர் ஓக்கிங்டனின் சிலுவை ஊசிக்காரியையும் அப்டவுன் சிறுமியையும் செர்டிக்கையும் தன் கூட்டத்தில் சேர்க்க வேண்டியிருக்கும், வேறு வழியில்லை.

இப்போது எச்சிலைத் துப்பி அனுப்பினால் பரம்பரை சொல்லும் வணிகச் சோதனைகள் இங்கிலாந்தில் நன்றாக விற்கின்றன. முடிவு வந்ததும் பலர் கேட்கும் கேள்வி: ஏன் இங்கிலாந்தையும் வடமேற்கு ஐரோப்பாவையும் ஒரே வட்டமாகப் போடுகிறார்கள், எனக்கு எத்தனை சதவீதம் சாக்ஸன் என்று ஏன் சொல்வதில்லை? அந்தச் சோதனைகள் ஒப்பிடுவது இன்று வாழ்பவர்களோடு. இன்றைய ஆங்கிலேயரையும் டச்சுக்காரரையும் வடக்குப் பிரெஞ்சுக்காரரையும் வைத்து 6ஆம் நூற்றாண்டைப் பிரிக்க முடியாது. அதற்குப் பழைய எலும்புகளின் வரிசை வேண்டும். அது ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது, முடிவுகள் பொதுவில் கிடைக்கின்றன, ஆனால் தனி ஒருவருக்குச் சொல்லும்போது பிழை வரம்பு பெரிது. கென்ட்காரர் ஒருவரின் முடிவில் பிரான்ஸ் என்று கொஞ்சம் வந்தால், வில்லியமோடு வந்த பிரபு வம்சம் என்று சுவரில் மாட்டி வைப்பார். கணக்குப்படி பார்த்தால் பெர்த்தாவின் பரிவாரத்தில் வந்த சமையல்காரருக்கும், பின்னால் வந்த நெசவாளிக்கும் வாய்ப்பு அதிகம்.